படிக்கட்டுக்கு வந்த மருந்து ஓஸ்

தப்பான ஓஸை, அந்த ரப்பர் குழாயை, வாங்கியது நீங்கள்தான், சூப்பர்வைசர் அண்ணே. எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போ நகர ஹோட்டல் ஒன்றில் கம்பளம் விரித்த படிக்கட்டுகளைக் கழுவினோம். தண்ணீர் உறிஞ்சும் மெஷினுக்கு, படியின் அகலத்துக்குப் பொருந்தும் சின்ன முனையை நான் பார்த்து எடுத்தேன். அழுக்குத் தண்ணீரை உறிஞ்ச, உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஓஸ் கேட்டேன். நீங்களோ ரப்பர் தோட்டத்துப் பழக்கத்தில், புல்லுக்கு மருந்தடிக்கும் ஓஸை வாங்கி வந்தீர்கள்.

“அண்ணே, இது தண்ணியத் தள்ளுற ஓஸ். உறிஞ்சினா ஒட்டிக்கும்லா,” என்றேன்.

“தோட்டத்துல இருபது வருசம் மருந்தடிச்சவன் நானு. எனக்கே ஓஸ் பாடமா? மாட்டிட்டு வேலயப் பாருலா!” என்றீர்கள்.

மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஓஸ் நாடாவைப் போலத் தட்டையானது. தண்ணீர் கம்பளத்திலேயே தங்கியது. மூன்றாம் நாள் படிக்கட்டு முழுக்க நாற்றம். மேனேஜர் கத்தியபோது, அத்தனை வேலைக்காரர்கள் முன்னாலும் என்னைக் கைகாட்டி, “இவன் சரியா உறிஞ்சல” என்றீர்கள். என் வேலை போனது. பக்கத்து ஜெலாப்பாங்கில் வேலை கேட்ட இடமெல்லாம், “நாத்தம் புடிச்ச படிக்காரனா நீ?” என்று சிரித்தார்கள்.

அன்று அங்கே நின்றவர்களில் பலர் இன்னும் ஈப்போவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து பதில் சொல்லுங்கள்: என்னை ஏன் கைகாட்டினீர்கள்?