படியில்லாத முன்கதவு

கெசையா பிறந்து வளர்ந்த வீட்டிலேதான் இப்போது கோடைதோறும் வேலை பார்க்கிறாள். நூறு வருடத்துக்கு முந்தைய குடியேறிப் பெண்ணாக நடிப்பதுதான் வேலை. கம்பளிப் பாவாடை, வெள்ளைத் தலைத்துணி, விறகடுப்பில் ரொட்டி. சுற்றுலாவாகத் தீவுக்குப் படகில் வந்து இறங்குகிறவர்கள் எங்கள் பழைய வீடுகளையும் மீன் கொட்டகைகளையும் காட்சிப்பொருளாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் அடுப்படிக்கு வருவார்கள். "இங்க நெசமாவே ஆளுங்க குடியிருந்தாங்களா?" என்று கேட்பார்கள். "அந்த அடுப்புக்குப் பின்னாடிதான் நான் பொறந்தேன்" என்பாள். அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டுவார்கள்.

அந்த வீடு முன்பு எதிர்த்தீவில் இருந்தது. அந்த ஊர் காலியானபோது, கடல் உறைந்த மாதத்தில், அறுபது ஆண்கள் கயிறு கட்டி, பாட்டுப் பாடி, பனிக்கட்டி மேல் வீட்டை இழுத்து வந்தார்கள். அடுப்பில் வைத்த கெட்டில் கொதித்தபடியே வந்து சேர்ந்தது. சந்தேகப்படுகிறவர்கள் என்னைக் கேட்கலாம். அந்த டீயைக் குடித்த பக்கத்து வீட்டுக்காரி நான்.

வீட்டின் முன்கதவுக்குப் படி கிடையாது. தரையிலிருந்து இடுப்புயரத்தில் சும்மா தொங்கும். நியூஃபவுண்ட்லாந்துத் தீவுகளில் அதுதான் வழக்கம். நாங்கள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் நுழைகிறவர்கள். தட்டுவதில்லை. முன்கதவைத் தட்டுகிறவர் ஒன்று அந்நியர், இல்லை சாவுச் செய்தி கொண்டுவரும் பாதிரியார். கெசையாவுக்கு ஒன்பது வயதில் பாதிரியார் கீழே நின்று கைத்தடியால் அந்தக் கதவை மூன்று முறை தட்டினார். அவள் அப்பாவின் படகு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவை யாரும் திறந்ததில்லை. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அது சுவரோடு சுவராகிவிட்டது.

போன ஆகஸ்டில் ஒரு நாள், அவள் புருஷன் ஹெட்லி, கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய கரையிலிருந்து சுற்றிப் பார்க்க வரும் நான்கு பேரை அழைத்து வரக் காலையிலேயே படகில் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியாது. படகுக்குத் திசை தெரியட்டும் என்று லைனஸ் மாமா மாதாகோயில் மணியை அடித்தார், அடித்தார், தோள் விட்டுப்போகும் வரை அடித்துவிட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"மோட்டார் சத்தம் ஏதாவது கேட்டுச்சா மாமா?" என்றாள் கெசையா.

"எம் பொண்டாட்டி காதுகிட்ட வந்து கத்துறதே எனக்குக் கேக்காதும்மா. மோட்டார் எங்க கேக்கப்போவுது?"

அவள் சிரிக்கவில்லை. பிசைந்த மாவையே மறுபடி பிசைந்தாள்.

"விடுடீ, அது ரொட்டி மாவு, செருப்புத் தோல் இல்ல" என்றேன், அடுப்பருகே உட்கார்ந்திருந்த நான்.

அப்போதுதான் கேட்டது. முன்கதவில், மரத்தின் மேல் மரம். டொக். டொக். டொக்.

மாமா மெல்லத் தொப்பியைக் கழற்றினார். கெசையாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வந்த சனங்களா இருக்கும்டீ" என்றேன்.

"ஹெட்லி அவங்க கூட வந்தா பின்பக்கமாத்தான் கூட்டியாருவான். முன்னாடி வர்றாங்கன்னா அவன் கூட இல்ல." கெசையா தலையை ஆட்டினாள். "நான் தொறக்க மாட்டேன். தொறக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகல."

மறுபடியும் டொக், டொக். அடுப்பு விறகு மட்டும் வெடித்தது. பிறகு அவளே எழுந்தாள். மீன் கத்தியைப் பெயின்டுக்குள் செருகி, கதவைச் சுற்றி அறுத்தாள். தோளால் இரண்டு முறை மோதினாள். கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது.

கீழே பனிக்குள் நான்கு பேர். முன்னால் நின்ற அம்மாள் குடையின் கைப்பிடியை உயர்த்திப் பிடித்திருந்தாள். நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் இல்லை.

"படகுக்காரன் எங்க?" கெசையா கேட்டாள்.

"மோட்டார் நின்னுபோச்சுங்க. துடுப்புப் போட்டு எங்கேயோ பாறைப்பக்கம் எறக்கிவிட்டாரு. படகைக் கட்டிட்டு வர்றேன், மணிச் சத்தத்தைப் பாத்துப் போங்கன்னாரு. பாதி வழியில மணி நின்னுபோச்சு. அதுலேர்ந்து..."

"அதுலேர்ந்து?"

"பின்னாலதான் வருவார்னு நெனச்சோம்..."

கெசையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் எங்கள் முதுகுக்குப் பின்னால் பின்கதவு கிறீச்சிட்டது. யாரும் தட்டவில்லை.

"யாரு மாமா மணிய நிறுத்தினது? நான் ஆட்டுப் பட்டிக்குள்ள போயி விழுந்தேன்!" ஹெட்லி தலை முதல் கால்வரை சேறு சொட்டச் சொட்ட நின்றான். திறந்து கிடந்த முன்கதவைப் பார்த்ததும் கெசையா பக்கம் திரும்பினான்.

கெசையா கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டி அவன் மேல் எறிந்தாள். குறி தப்பவில்லை. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வந்த நால்வரும் அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மறுநாள் அந்தக் கதவை ஆணியடித்து மூடச் சொன்னாள். ஹெட்லி வெளியே ஏணியில் நின்றான். அவள் உள்ளே நின்றாள். முதல் அடி விழுந்ததுமே, "நிறுத்து!" என்று கத்தினாள்.

"என்னாச்சு?"

"சும்மா அடிக்காதய்யா. பாடிக்கிட்டே அடி. நீதான் அடிக்கிறேன்னு எனக்குத் தெரியணும்."

பாடினான். ஆணி தீரும் வரை பாடினான். அவன் குரலைக் கேட்டு அன்று தீவை விட்டுப் பறந்த கடற்பறவைகள் இன்னும் திரும்பவில்லை.