தண்ணீர் குடிக்காத தலைவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் செம்பாக்கம் ஏரிக்குத் தெற்கே நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது, அந்தப் பக்கம் சட்டம் என்று எதுவும் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பார்கள். நட்ட கல்லைப் பிடுங்கி நாலடி தள்ளி நடுவார்கள். தாம்பரத்திலிருந்து ஜீப் வருவதற்குள் வேலி எழும்பி, அதில் பூசணிக்கொடியும் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், மாவட்ட முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வராந்தா கோர்ட்டாகிவிட்டது. அப்பா வேண்டாம் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார்.

வழக்கு பேச வருகிறவர் வாழைத்தார் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். சம்பந்தப்பட்ட வீட்டுக்கு இடம் பார்க்கப் போனால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். உத்தியோகத்தில் இருந்த காலத்துப் பழக்கம். தீர்ப்பு சொல்லி, அப்பீலுக்கு என்று அவராகவே ஒரு மாதம் கெடு கொடுத்து, அது முடிந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் போய் காபி குடித்துவிட்டு வருவார். "யாரு சார் உங்க தீர்ப்புக்கு அப்பீல் போகப்போறா, பிரசிடெண்டு கிட்டயா?" என்று எங்கள் நகர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் எரிச்சல். "சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு இவ்வளவு ஆசாரமா?" என்பாள்.

எங்கள் பஞ்சாயத்தில் இரண்டு உலகங்கள் இருந்தன. பள்ளத்தில் பழைய ஊர். கொத்தனார்கள், சித்தாள்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். மேட்டில் எங்கள் நகர். பேங்க், டெலிபோன்ஸ், பள்ளிக்கூட வாத்தியார்கள். ஊர் வேண்டாம், தனியாகப் பிரிந்து போய்விடலாம் என்று நகரில் ஒரு பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. "ஏரி ஒண்ணு, மழை ஒண்ணு, பஞ்சாயத்து மட்டும் ரெண்டா? பிரிஞ்சுட்டா பள்ளத்துல இருக்கறவன் நமக்கு யாரோ ஆயிடுவான்" என்பார். பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததும் இதையே சொல்லித் தலைவர் பதவிக்கு நின்றார். நகர் பாதிதான் போட்டது. ஊர் மொத்தமும் போட்டது. மாலை போட்ட அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் விட்டார்கள். அந்த ஒரு நாள்தான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

அடுத்த ஐப்பசியில் பேய்மழை. நகர்க்காரர்கள் தங்கள் பிரதான வீதியை மண்ணடித்து உயர்த்தி, ஏரித் தண்ணீர் வடிகிற ஓடையையும் சேர்த்து மூடியிருந்தார்கள். ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் நேரே பழைய ஊருக்குள் போனது. இரண்டு தரப்பும் அப்பாவிடம் வந்தன. வடிந்ததும் அவர் வீடு வீடாகப் பார்க்கக் கிளம்பினார். அளக்கிற டேப்பைப் பிடிக்க நான். கல்லூரிக்கு மழை விடுமுறை இன்னும் முடியவில்லை.

ஒவ்வொரு சுவரிலும் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புக்கு இருந்தது. ஊர் வார்டு மெம்பர் ஆட்டோ ஓட்டுகிறவர். தேர்தலில் அப்பாவுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். அவர் வீட்டில் பாய், அரிசி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் வெயிலில் கிடந்தன. அந்த நிலைமையிலும் அவர் மனைவி எங்கேயோ போய்ப் பால் வாங்கி வந்து டீ போட்டிருந்தார்.

"ஒரு வாய் குடிச்சிகினு போங்க சார்."

"வேணாம்மா" என்றார் அப்பா. அவ்வளவுதான். காரணம் சொல்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. எல்லாவற்றையும் தீர்ப்பில்தான் சொல்வார்.

"தண்ணியாவது?"

"வேணாம்."

அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். டம்ளரை நான் வாங்கிக் குடித்தேன். "அப்பா எங்கேயுமே குடிக்க மாட்டார் அக்கா, கேஸ் முடியற வரைக்கும்" என்றேன். "தெர்யும்மா" என்றார் அவர். தெரியும் என்று அவர் சொன்ன விதத்தில், அவருக்குத் தெரிந்தது வேறு என்பது எனக்குப் புரிந்தது. நம் நாட்டில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்றால் அதற்குக் காலம் காலமாக ஒரே அர்த்தம்தான். முன்சீப் கோர்ட்டு நேர்த்தியை அங்கே யார் கண்டார்கள்? அன்று மாலை நகரிலும் மூன்று வீட்டில் காபியை மறுத்தார். அதை ஊரில் யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "கெடு முடிஞ்சதும் போய்க் குடிக்கத்தானே போறேன்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தீர்ப்பு ஊருக்குச் சாதகம். வீதியை வெட்டி ஓடையைத் திறக்க வேண்டும். நகர் கொதித்தது. ஒரே வாரத்தில் பஞ்சாயத்தைப் பிரிக்கச் சொல்லி மனு போய்விட்டது. பஞ்சாயத்தின் அபிப்பிராயத்தை மேலே கேட்டார்கள். கூட்டம் போட்டாக வேண்டும். அப்பாவின் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அவர் நிம்மதியாகத்தான் போனார். ஊர் மெம்பர்கள்தானே அதிகம், அவர்களுக்காகத்தானே இத்தனையும்.

கூட்டத்தை வாசலில் நின்று பார்த்தேன். பிரிக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அப்பா. நகர் கைகள் எழுந்தன. பிறகு ஆட்டோக்காரர் தூக்கினார். அவரைப் பார்த்து ஊர் மெம்பர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

"ஏம்ப்பா, தீர்ப்பு உங்களுக்குத்தானே சொன்னேன்?"

"தீர்ப்பு நல்லாத்தான் சொன்னீங்க சார். அதுல ஒண்ணும் கொறை இல்ல. ஆனா எங்க வூட்ல ஒரு முழுங்கு தண்ணி குடிக்க மன்சு வரல உங்களுக்கு. அப்புறம் இன்னாத்துக்கு சார் ஒண்ணா இருக்கணும்? அவங்க தனியா போவட்டும். நாங்க எங்க மட்டுக்கும் இருந்துக்கறோம்."

"நான் யார் வீட்டிலயும் குடிக்கலப்பா!"

"அத்த யாரு சார் பாத்தா?"

பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பேங்கில் ஆபீசர், நகர் சங்கச் செயலாளர், வார்டு மெம்பர். மறுக்கப்பட்ட மூன்று காபியில் ஒன்று அவர் வீட்டுக் காபி. அப்பா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தி, ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேச எனக்கு உரிமை இல்லை. இருந்தும் "சார், நீங்க சொல்லுங்க சார்" என்று கத்தினேன். என்னை வெளியே போகச் சொன்னது அப்பாதான்.

தீர்மானம் நிறைவேறியது. மூடிய ஓடை மூடியபடியே கிடந்தது. இனி அதைத் திறக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாமல் போகப் போகிறது. அப்பா கெடு முடிகிறவரை காத்திருந்தார். சத்தியமாகக் காத்திருந்தார். முடிந்த மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆட்டோக்காரர் சவாரிக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் இருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்து, "குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இருங்க சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வெளியே போனார். முக்குக் கடையிலிருந்து மூடி போட்ட கலர் சோடா பாட்டில் ஒன்று வாங்கிவந்தார். பாட்டில் வாயை முந்தானையால் சுத்தமாகத் துடைத்து, அப்பாவின் கண் எதிரே திறந்து, ஸ்ட்ரா போட்டு நீட்டினார்.

"வீட்டுத் தண்ணியே போதும்மா. பானையிலேர்ந்து குடு."

"வேணாம் சார். பரவால்ல, இத்த சாப்புடுங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா எதையாவது பேசிப் புரியவைத்திருப்பார். அந்த அம்மா முகத்தில் மரியாதைதான் இருந்தது. அப்பா பாட்டிலை வாங்கிக்கொண்டார். கடைசிவரை உறிஞ்சிக் குடித்தார். காலி பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டே அந்த அம்மா சொன்னார்:

"அன்னிக்கே இத்த வாங்கி வெச்சிருக்கணும் சார். எங்களுக்குத்தான் தோணல. மன்சுல வெச்சிக்காதீங்க."