கொளஞ்சிநாதன் பேரில் போனது

செல்வநாயகி கெட்டவள் இல்லை. கம்மாபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து விருத்தாசலம் வந்து, தமிழ்மணியின் பீங்கான் பட்டறையில் சூளையை ஓட்டும் கணினி நிரலை எழுதியவள். வேலையில் கெட்டி. வாய் திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை, அவ்வளவுதான். அதுதான் அவளை இன்றுவரை அரிக்கிறது.

2006இல் அங்கே நிரல் எழுத இரண்டே பேர்: இவளும் கொளஞ்சிநாதனும். யார் எதை மாற்றினாலும் சப்வெர்ஷன் என்ற மென்பொருள் பேரோடு குறித்துக்கொள்ளும். ஆனால் பேரைத் தினமும் கேட்காது. ஒருவர் ஒருமுறை கொடுத்த பேரையும் கடவுச்சொல்லையும் அந்தக் கணினியிலேயே ஒரு சின்னக் கோப்பில் பத்திரப்படுத்திக்கொள்ளும். பிறகு அங்கே யார் உட்கார்ந்து அனுப்பினாலும் அந்தப் பேர்தான் போகும்.

ஒரு மத்தியானம் அவள் கணினி மக்கர் பண்ணியது. கொளஞ்சிநாதன் சாப்பிடப் போயிருந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்து, சூளை ஆறும் வேகத்தை மாற்றி அனுப்பினாள். அவசரத்தில் ஓர் எண் தப்பு. இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தால், அத்தனை ப்யூஸ் கட்டையிலும் விரிசல்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சூளைக்குப் போகுமுன் ஒவ்வொரு ஆளும் பச்சைச் சாமானின் அடியில் தன் குறியைக் கீற வேண்டும். வெடித்ததைத் தமிழ்மணி திருப்பிப் பார்ப்பார். குறிக்காரன் வீட்டுக்குப் போவான், மறுபேச்சே கிடையாது. கணினிப் பதிவையும் மனுஷர் அப்படித்தான் படித்தார்.

"யாரு பேரும்மா இருக்குது?"

"கொளஞ்சிநாதன்னு இருக்குதுங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில் மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

கொளஞ்சிநாதன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஞாபகமே இல்லீங்க. ஆனா பேரு இருக்குதே, நான்தான் போட்டிருப்பேன்" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று செல்வநாயகி பலமுறை நினைத்ததுண்டு. நினைக்க என்ன, யாரும் நினைக்கலாம்.

மூன்று வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடம் பஸ்ஸின் ஜன்னலோரம் அவரைப் பார்த்தாள்.

"இப்ப என்னங்க பண்றீங்க?"

"சக்கரை ஆலையில கரும்பு லாரிக்கு டோக்கன் குடுக்குறேங்க. கம்ப்யூட்டரு வேலை குடுக்கத்தான் வந்தாங்க, நான்தான் வேணான்னுட்டேன். செஞ்சதே ஞாபகம் இல்லாம செய்யுற கையி. அத எப்படிங்க நம்புறது?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் பஸ் உறுமியது. அவர் ஜன்னலுக்கு வெளியே குனிந்தார்.

"என்னால அன்னிக்கு உங்களுக்குத்தாங்க கஷ்டம். ரெண்டு பேரு வேலையும் ஒண்டியா பாத்திருப்பீங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

"பரவால்லீங்க" என்றாள் செல்வநாயகி.