அபயாம்பாளின் படம்

1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, பேட்டையில் குடியிருந்த அபயாம்பாள் மூன்றே நாளில் இறந்துபோனாள். ஊருக்கு வெளியே நோயாளிகளுக்காகப் போட்டிருந்த மூங்கில் கொட்டகையில் உயிர் பிரிந்தது. அவளுடைய துணிமணிகளைக்கூடக் கொளுத்திவிட்டார்கள். போட்டோ என்று ஒன்றும் இல்லை. கணவர் சுப்ரமணியன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. ஒரு வயதுக் குழந்தை ஞானத்தை வளர்க்க, அபயாம்பாளின் தங்கை ருக்குவை வரவழைத்துக்கொண்டார்.

ருக்குவுக்குப் பத்தொன்பது வயது. பதின்மூன்றில் கணவனை இழந்தவள். மழித்த தலையை நார்மடிப் புடவையால் மூடிக்கொண்டு அடுக்களையிலேயே இருப்பாள்.

முதல் வருஷத் திவசம் முடிந்ததும் சுப்ரமணியன் கன்டோன்மென்ட்டிலிருந்து ரெமிஜியஸ் என்ற ஓவியரை அழைத்து வந்தார். துரைசானிகளுக்கு உள்ளங்கை அகலத் தந்தத் தகட்டில் முகம் எழுதித் தருபவர் அவர். வாயால் சொன்ன அடையாளத்தை வைத்து எழுதிய முதல் படம் யார் சாயலிலும் இல்லை.

சுப்ரமணியனின் தாயார்தான் வழி சொன்னாள். "ரெண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. ருக்குவை உக்காத்தி வெச்சு எழுதட்டுமே."

கொல்லைத் தாழ்வாரத்தில் நான்கு பிற்பகல்கள் ருக்கு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் அக்காவின் ஜிமிக்கியும் பேசரி மூக்குத்தியும் இருந்தன. அவற்றை அவள் தொடக்கூடாது. ரெமிஜியஸ் அவள் முகத்தைப் பார்ப்பார், பிறகு தட்டைப் பார்ப்பார், எழுதுவார்.

கடைசி நாள் சுப்ரமணியனின் தாயார் உள்ளே போயிருந்த நேரத்தில் அவர் கேட்டார். "அவங்க தலைமுடி எப்படிம்மா இருந்துச்சு?"

"சுருட்டை. நெத்தியில வந்து விழும்," என்றாள் ருக்கு.

அக்காவுக்கு நீண்டு படிந்த முடி. சுருட்டை முடி ருக்குவுக்கு இருந்தது.  சொன்னதை அவள் திருத்தவில்லை.

படம் வந்தபோது சுப்ரமணியன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்படியே இருக்கா," என்றார். தாயாரும் தலையாட்டினாள்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கச்சேரியிலிருந்து வந்ததும் படத்தின் முன் உட்கார்ந்து அன்றைய சமாசாரத்தைச் சொல்வார். ருக்கு அடுக்களையில் நின்று கேட்பாள். அவள் முகத்தை அவர் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. நல்ல நாட்களில் படத்துக்குக் குங்குமமிட்டுப் பூ வைப்பார்கள். அது முடியும்வரை கூடத்துக்கு வரவேண்டாம் என்று ருக்குவிடம் சொல்லியிருந்தார்கள்.

ஞானம் அந்தப் படத்தைக் கும்பிட்டே வளர்ந்தாள். "எனக்கு மட்டும் ஏன் சித்தி அம்மா மாதிரி சுருட்டை இல்லே?" என்று தலை பின்னும்போதெல்லாம் கேட்பாள். ருக்கு பின்னலை இன்னும் இறுக்குவாள்.

பதினைந்து வயதில் ஞானம் மைசூருக்குப் புக்ககம் போக நாள் குறித்தார்கள். தாயின் படத்தைத் தனக்கே கொடுக்கும்படி அவள் கேட்டிருந்தாள். முந்தின நாள் மத்தியானம், வீடு உறங்கிக்கொண்டிருந்தபோது, ருக்கு அவளைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

 ஞானம் ருக்குவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஏன் சித்தி சொன்னேள்?"

"நீ எடுத்துண்டு போறியேன்னுதான்."

"அப்ப அம்மா எப்படி இருந்தா? நீங்களாவது சொல்லுங்கோ."

ருக்கு வாயைத் திறந்தாள். நீண்ட முடி என்றாள். மேலே வரவில்லை. பதின்மூன்று வருஷமாக அந்தத் தகட்டைப் பார்த்துப் பார்த்து, அக்காவின் முகம் அவளுக்கே மறந்துபோயிருந்தது. கண்ணை மூடினால் தன் முகம்தான் வந்தது.

"தெரியலேடி," என்றாள்.

மறுநாள் ஞானம் படத்தை எடுத்துக்கொள்ளாமலே வண்டி ஏறினாள். காரணம் கேட்ட அப்பாவிடம், "உங்களுக்குத் துணையா இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள். புறப்படும் நேரத்தில் எதிரே வரக்கூடாது என்பதால் ருக்கு கிணற்றடியில் நின்றாள். ஞானம் அந்தப் பக்கம் வந்து சொல்லிக்கொள்ளவில்லை.

ருக்கு அதற்குப் பிறகும் பதினெட்டு வருஷம் அந்த அடுக்களையில் சமைத்தாள். 1930 மார்கழியில் நிமோனியா கண்டு இறந்தாள். சுப்ரமணியன் மைசூருக்குத் தந்தி அடித்தார். மருமகன் மட்டும் வந்து போனார்.