ஆறு பல்குச்சிகள்

யாராவது “புதுசா ஒரு இடம் திறந்திருக்காங்க, போய்ப் பார்ப்போமா?” என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கொட்டாவிதான். அலுவலகத் தோழிகள் திட்டுகிறார்கள். புனேயிலேயே வளர்ந்தவள், எங்கே எது நன்றாக இருக்கும் என்று நீதானே எங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறார்கள். அடப் போங்கப்பா, நாலாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே இந்த ஊர் ஓட்டல்களில் பாதியை நான் பார்த்து முடித்துவிட்டேன். மீதியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

அப்போது நாங்கள் ஔந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மகர்பட்டாவில் வேலை. ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை. கூடவே வேலை பார்த்த இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் எங்களோடு சேர்த்தி. ஒன்று கோயம்புத்தூர்க் குடும்பம், இன்னொன்று சேலத்துக் குடும்பம். ஆண்களை மாமா என்றும் பெண்களை அத்தை என்றும் கூப்பிடுவேன். எந்த அத்தை என்ற குழப்பம் வந்தால் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வேன். இந்த மூன்று குடும்பமும் ஒவ்வொரு ஞாயிறு மதியமும் ஒரு புது ஓட்டலுக்குப் போக வேண்டும், போன இடத்துக்கு மறுபடி போகக்கூடாது என்று என்றைக்கோ ஒருநாள் பேசி வைத்துக்கொண்டார்கள். நான் நாலாவது படிக்கும்போது அது தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

முறை வைத்து ஒவ்வொரு குடும்பமும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். பிரச்சினை என்னவென்றால், அடுத்தவர் தேர்ந்தெடுத்த இடத்தைக் குறை சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. குழம்பு உப்புக் கரித்தாலும் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பார்கள். இதற்கு ஒரு வழி பண்ணினார் கோயம்புத்தூர் மாமா. சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டோடு வருமே பல்குச்சி, அதில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டல் பிடித்திருந்தால் முழுசாக, பிடிக்கவில்லை என்றால் மேசைக்கடியில் வைத்து ஒடித்து, கைக்குள் மூடிக் கொண்டுவந்து ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். யார் போட்டது எது என்று யாருக்கும் தெரியாது. கிண்ணத்தைக் கையால் மூடி எடுத்துப் போவதும், கை கழுவும் இடத்தில் நின்று எண்ணிவிட்டு வந்து அறிவிப்பதும் என் வேலை. பெரியவர்கள் ஆறு பேருக்குத்தான் குச்சி. எனக்குக் கிடையாது, சேலத்து அத்தையின் இரண்டு வாண்டுகளுக்கும் கிடையாது.

முதலில் எனக்கு அந்த வேலையில் ஏகப்பட்ட பெருமை. போகப் போக அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்கள் எப்போது எழுந்து வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் சிறுவயது என்றால் மிகையில்லை.

எனக்காவது பரவாயில்லை, அம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கும். ஞாயிறு காலையில் துணி துவைத்துப் போட்டு, என்னைக் கிளப்பி, சேலைக்கு ஊக்கு குத்தும்போது வாராவாரம் பாடும் பாட்டு ஒன்று உண்டு. “ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்க முடியுதா இந்த வீட்ல.” அப்பா அதற்கு, உனக்குச் சமையலிலிருந்து ஒரு வேளையாவது விடுதலை கிடைக்கட்டும் என்றுதானே போகிறோம் என்பார். அம்மா கொண்டையைப் போட்டுக்கொள்வாள். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, அம்மாவை எப்படியாவது இந்த ஓட்டல்களிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியமே வந்துவிட்டது.

அந்த மே மாதத்து ஞாயிறு, பாணேரைத் தாண்டிப் புதிதாக வந்திருந்த ‘தாலி’ என்கிற தட்டுச் சாப்பாட்டுக் கடை. தகரக் கொட்டகைக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஒரு ஆள் மைக்கில் மராத்தியில் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், எங்கள் எண் மட்டும் வரவே இல்லை. அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார், தலை கோயம்புத்தூர் மாமாவின் தோளில் போய் முட்டியது. மாமா அசையவில்லை. அவரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். கோயம்புத்தூர் அத்தை சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சேலத்து மாமா அழுகிற வாண்டைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்தார். அம்மா மட்டும் சேலத்து அத்தையிடம் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிய கதை என்று நினைக்கிறேன், நான் சரியாகக் கேட்கவில்லை. பசி காதை அடைத்துவிட்டது.

ஒருவழியாக உள்ளே போய், பாக்ரியையும் பிட்லாவையும், அதாவது சோள ரொட்டியையும் கடலைமாவுக் குழம்பையும், தின்று முடித்தோம். சோம்புத் தட்டு வந்தது. கிண்ணத்தை எடுத்த எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

“இன்னிக்கு இந்த ஓட்டலுக்கு மார்க் இல்ல. இனிமே ஞாயித்துக்கிழமை ஓட்டலுக்கு வரணுமா வேணாமா, அதுக்குத்தான். வேணாம்னா ஒடிச்சுப் போடுங்க” என்றேன்.

அப்பா முறைத்தார். சேலத்து மாமா சிரித்துவிட்டு, பிள்ளை கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, போட்டுத்தான் பார்ப்போமே என்றார். ஆளுக்கொரு குச்சி எடுத்தார்கள். மேசைக்கடியில் சின்னச் சின்னச் சத்தங்கள். ஒவ்வொருவராக மூடிய கையோடு வந்து போட்டார்கள். அம்மா கடைசி. அப்போதும் அவள் சேலத்து அத்தைப் பக்கம் திரும்பி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா வாய்விட்டுச் சிரிப்பது எனக்கு ஓட்டல் ஓட்டலாகக் கேட்டுப் பழகிய ஒன்று. வீட்டில் அப்படிச் சிரிக்கமாட்டாள் என்பதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. சிரித்த கையோடு அவள் விரல்களைப் பிரித்தாள். முழுக் குச்சி விழுந்தது.

கை கழுவும் இடத்தில் நின்று பார்த்தேன். ஐந்து குச்சிகள் ஒடிந்து கிடந்தன. அம்மாவுடையது மட்டும் முழுசாக.

பேச்சு மும்முரத்தில் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? வாராவாரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று சொல்கிறவள் அவள்தானே. ஐயோ பாவம், அவளே அவளுக்கு எதிராகப் போட்டுவிட்டாளே என்று, அந்தக் குச்சியை எடுத்து நானே ஒடித்தேன். ஒடித்து மற்றவற்றோடு போட்டுக் கலக்கினேன்.

“ஆறும் ஒடிஞ்சிருக்கு” என்று மேசையில் கிண்ணத்தை வைத்தேன்.

எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், இரண்டு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. உங்களுக்காகத்தானே நாங்கள் வந்தோம் என்று அப்பா கோயம்புத்தூர் மாமாவைப் பார்த்துச் சொல்ல, நல்ல கதையாக இருக்கிறதே, நீங்கள் ஆசைப்படுகிறீர்கள் என்றுதானே நாங்கள் கிளம்பினோம் என்று அவர் சொல்ல, ஆளுக்கு ஆள் அதையேதான் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இரண்டு வருடம் ஊரைச் சுற்றியிருக்கிறார்கள். அவரவர் வீட்டிலேயே அவ்வப்போது கூடிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அது இரண்டு முறை நடந்தது என்று ஞாபகம். பிறகு வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு நின்றுபோனது.

அம்மா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். “அப்பாடா, இனிமே நிம்மதி” என்று அவளும் எல்லாரோடும் சேர்ந்து சொன்னாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்தில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. அம்மாவின் இந்தி, லிஃப்டில் பார்ப்பவர்களை நலம் விசாரிக்கவும் காய்கறிக்காரரிடம் பேசவும்தான் பற்றும். அப்பா காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார், நான் பள்ளிக்கூடத்தில். திங்கள் முதல் சனி வரை சேர்த்து வைத்ததைத்தான் அவள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கிறாள். இது எனக்கு உறைக்க எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. குச்சியை ஒடித்ததை இன்னும் அவளிடம் சொல்லவும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா பதினொரு மணி வரைக்கும் தூங்கினார். நான் சோபாவில் கால்மேல் கால் போட்டுக் கார்ட்டூன் பார்த்தேன். அம்மா ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, குளித்து, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கேயாவது போகிறாயா என்று கேட்டேன்.

“எங்க போறதுக்கு? சும்மாதான் கட்டினேன்” என்றாள்.

கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்தாள். அதில் ஓடியது இந்தி. பிறகு சோபாவிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒருவழியாக அம்மாவுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று, டி.வி. சத்தத்தை மொத்தமாகக் குறைத்து வைத்தேன்.