விஜிலென்ஸ் மேடத்தோடு ஒரே மேசையில்

எஸ்தர் மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. அனுப்பியவர் அவருக்கு ஆகாதவர். ஓய்வுபெற்றுப் போனவரைப் பற்றி யார் எதை வேண்டுமானாலும் பரப்பலாமே என்று நினைத்து, அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். அவர் தம்பி எடுத்தார்.

"உண்மைதாம்மா. காலைல காப்பி கொண்டு போனேன். அக்கா எந்திரிக்கல."

அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எஸ்தர் மேடம் பாளையங்கோட்டைக்காரர். மணம் செய்துகொள்ளவில்லை. டெல்லியில் எங்கள் பொதுத்துறை நிறுவனத்தின் விஜிலென்ஸ் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். யார் கை நீட்டினார்கள், யார் யாருக்குச் சலுகை காட்டினார்கள் என்று விசாரிப்பது அவர் வேலை. கேன்டீனுக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் உட்காரும் மேசையில் இருப்பவர்களுக்குத் திடீரென்று ஏதாவது மீட்டிங் ஞாபகம் வரும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து மாற்றலாகி, பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கவிதா, சனிக்கிழமை சாப்பிட வாரியளா? சரோஜினி நகர்ப் பக்கம் ஒரு மலேசியாக் கடை இருக்கு."

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் போனதும் பக்கத்து இருக்கை வர்மா குனிந்து, "என்ன ஃபைல்?" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமைவரை நான் கையெழுத்திட்ட காகிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன்.

எட்டு மேசைகள் கொண்ட சின்னக் கடை அது. மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்து டெல்லிக்காரரை மணந்த ஒரு பெண்மணி நடத்திவந்தார். மேடம் எதையும் கேள்வி கேட்காமல் வாயில் வைக்கவில்லை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வந்தது. ஓரத்தில் இருந்த நெத்திலிக் கருவாட்டை முள்கரண்டியால் புரட்டி, எந்த ஊர் நெத்திலி என்று அந்தப் பெண்மணியை இந்தியில் விசாரித்தார். ரொட்டி சானாயைப் பிய்த்துப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இது நம்ம புரோட்டால்லா? பேரை மாத்திக்கிட்டு வந்தா நமக்குத் தெரியாதாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எனக்கான ஜாடை என்றே பட்டது. ஊர் எது என்று கேட்டார்; ஈரோடு என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். சாட்சி சொல்வதுபோல் அளந்து சொன்னேன். கடைசியில் செண்டோல் வந்தது. துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, அதற்குள் பச்சைப் புழுக்கள்போல் மாவு இழைகள்.

"இந்தப் பச்சை எங்கேருந்து வந்தது?" என்று கடைக்காரரைக் கேட்டார். அந்தப் பெண்மணி உள்ளே போய் நீளமான இலை ஒன்றைக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டினார். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேடம் கரண்டியை எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், எதுக்காக என்னைக் கூப்பிட்டீங்க?"

"தனியா வந்தா ரெண்டு அயிட்டத்துக்கு மேல சாப்பிட முடியல. ஆபீஸ்ல யாரும் வரமாட்டக்காவ. நீங்க புதுசு."

அந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை போனோம். ஒருநாள் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பைச் சாப்பிடும்போது வாய்தவறி ஒன்று சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பைப் சப்ளை செய்யும் ஒருவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு ஒரு வெள்ளி விளக்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். அலுவலகத்தில் வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மேடம் தலையை ஆட்டிவிட்டுக் குழம்பைக் குடித்தார்.

நான்கு மாதம் கழித்து என்மேல் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. வெள்ளி விளக்கு வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுத்தேனாம். அதைப் படித்தபோது எனக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. அந்த வாரத்திலிருந்து மேடம் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தார். லிப்டில் எதிரெதிரே நின்றோம். தரைத்தளம் வரும்வரை அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஐயமே இல்லாமல் போனது.

விசாரணையை வேறொரு அதிகாரி நடத்தினார். இரண்டாம் நாள் அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். எஸ்தர் மேடத்தின் கையெழுத்து. லக்சா சாப்பிட்டோமே, அதற்கு மறுநாள் தேதி. விளக்கு வந்ததும் நான் திருப்பியதும் நான் சொன்ன சொல்லிலேயே இருந்தன. இன்னொரு தாளில், "இவர் என்னோடு உணவருந்துபவர். எனவே இப்புகாரை நான் விசாரிப்பது முறையல்ல" என்று எழுதியிருந்தார்.

பத்து நாளில் நான் குற்றமற்றவள் என்று முடிவானது. மகிழ்ச்சிக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"நான் மனசுவிட்டுப் பேசுனதை எல்லாம் எழுதி வெச்சீங்களா?"

"எழுதினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்லைங்களா?"

"சொல்லியிருந்தா அது ரெண்டுபேரும் சேர்ந்து எழுதுன காகிதம் ஆயிரும். செல்லாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை வாரியளா?"

"இல்லைங்க மேடம்."

அதன்பின் எட்டு மாதம் நான் அவரோடு சாப்பிடப் போகவில்லை. இன்று நினைத்தால் அந்த எட்டு மாதம்தான் உறுத்துகிறது. அவர் எப்போதும்போல் சனிக்கிழமைகளில் தனியாகப் போய் வந்ததாக வர்மா ஒருநாள் சொன்னார்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்தி, பத்து நிமிடத்தில் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நான் நின்றேன்.

"மேடம், சாப்பிடப் போலாங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குக் கூப்பிடுதிய?"

"பசிக்குதுங்க."

அன்று தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த கறியான ரெண்டாங் சாப்பிட்டோம். செண்டோல் பாதி தீர்ந்தபோது கேட்டேவிட்டேன். "அன்னிக்கு என்னை நம்பி எழுதுனீங்களா, சந்தேகப்பட்டு எழுதுனீங்களா?"

கிண்ணத்தின் அடியில் இருந்த வெல்லப்பாகைச் சுரண்டியபடி, "ரெண்டுந்தான்" என்றார்.

வேறு என்ன சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள், மாதம் தவறாமல் சந்தித்தோம்.

அடக்கத்துக்கு இருபது பேர் இருந்தால் அதிகம். அலுவலகத்திலிருந்து நானும் வர்மாவும் போயிருந்தோம். கொஞ்சம் தள்ளி, அவருடைய அறிக்கையால் பதவி இறக்கப்பட்ட பழைய ஸ்டோர்ஸ் அதிகாரி நின்றிருந்தார். இவர் ஏன் வந்தார்? மேடம் போய்விட்டாரா என்று உறுதிசெய்துகொள்ளவா? அவரையே கவனித்தேன். ஜெபம் முடிந்து வரிசை நகர்ந்தபோது, நான் பார்ப்பதை உணர்ந்தவர்போல் அருகில் வந்து இந்தியில் மெதுவாகப் பேசினார்.

"அந்தத் தீர்ப்பு தப்புதான். இப்பவும் சொல்வேன். ஆனா மூணு நாள் நான் பேசினதை அவங்க ஒரு சொல்லையும் மாத்தாம எழுதினாங்க. என் பேச்சை அவ்வளவு கவனமாக் கேட்டவங்க வேற யாருமில்லை."

குனிந்து ஒரு பிடி மண் எடுத்துத் தூவினார். அடுத்து நான். முந்தைய நாள் மழையில் நனைந்த மண் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு சுலபத்தில் விழவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டவேண்டியிருந்தது.

உறங்குங்கள், மேடம். இனி உங்கள் முன்னால் எந்தக் கோப்பும் வராது.