மகளின் கைக்கு வந்த தோல்

யுத்த காலம். திருகோணமலை அன்புவழிபுரத்தில் குடியிருந்தோம். ஒரு காலையில் நான் இறக்கி வைத்த கஞ்சிப் பானையை என் நாலு வயது மகள் இழுத்துவிட்டாள். வலது கை முழங்கை வரை வெந்துபோனது. பற்பசை பூசு, தேன் பூசு என்று வந்தவர்களையெல்லாம் ஏசிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

உண்மையான வேதனை அங்கேதான். கட்டுத்துணி புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது அவள் அலறுவாள். கொழும்புக்குக் கொண்டுபோகப் பாதை பூட்டு. வெளிநாட்டில் செயற்கைத் தோலே செய்கிறார்களாம், இங்கே கட்டுத்துணிக்கும் தட்டுப்பாடு என்றார் டொக்டர். புண் ஆறாவிட்டால் விரல்கள் மடங்கிவிடும் என்றும் சொன்னார். ஒரு வழி இருந்தது. வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு, நஞ்சுக்கொடியோடு வெளியே வரும். அதைக் கழுவிப் புண்ணில் போர்த்தினால் தோல் போல இருக்குமாம். பெற்றவள் சம்மதிக்க வேண்டும்.

பிரசவ வார்டில் இருந்த ஒரு மீனவப் பெண் சம்மதித்தார். அவருடைய இரத்தத்தையும் சோதித்துவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் கணவர் புதுச் சட்டியோடு வந்து நின்றார். பிள்ளையோடு வந்த எதையும் குறைவில்லாமல் வீட்டு வளவில் குழி தோண்டித் தாட்டால்தான் பிள்ளைக்கு நல்லதாம். அது அவர்கள் வழக்கம். தர ஏலாது என்றுவிட்டார். யாரோடும் சண்டைக்கு நிற்கிற நான் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். தன் பிள்ளைக்காகப் பயப்படுகிறவரிடம் என்னத்தைக் கதைப்பது?

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் களைத்த குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, கொடியைக் கொண்டுபோய்த் தாட்டுப்போடுங்கோ. சுத்தியிருந்த தோல் அந்தப் பிள்ளைக்குப் போகட்டும். எங்கட பிள்ளைக்கு ஒண்டும் வராது."

அவர் என்னைப் பார்த்தார். மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன்.

"ஓம், எடுக்கட்டும்" என்றுவிட்டு, மிச்சத்துக்காகச் சட்டியோடு வாசல் வாங்கில் உட்கார்ந்தார்.

வெங்காயச் சவ்வு மாதிரி இருந்தது அது. டொக்டர் புண்ணில் விரித்தார். அலறப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மகளோ, "நோகேல்லை அம்மா" என்றாள். அப்படியே தரையில் குந்தியிருந்து அழுதுவிட்டேன். எத்தனை நாள் அடக்கிய அழுகை அது. பிறகு அது காய்ந்து தானாகக் கழன்றபோது, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. விரல் ஐந்தும் நேராக நீண்டன.

அந்தக் குடும்பத்தை அதன்பின் நான் காணவில்லை. ஆனால் மகள் அந்தக் கையால் எனக்குத் தேத்தண்ணி நீட்டும்போதெல்லாம், பிறந்த அன்றே தன் முதல் உடுப்பை என் பிள்ளைக்குக் கழற்றிக் கொடுத்த அந்தக் குழந்தை எங்கேயாவது நன்றாக இருக்க வேண்டும் என்று மனம் கும்பிடுகிறது.